நீலி அழுதது பொய்யா? வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் விளம்பரங்களில் பெண்கள் காட்டப்படும் விதத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திரைப்படத்தையும் தொலைக்காட்சித் தொடரையும் பற்றியவை. ஐந்து கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மூன்று மாதமாக ஒரு பெண்ணின் பின்னாலேயே பேருந்து நிலையம் வரை போகிறான் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். ‘எனக்கு விருப்பம் இல்லை, பின்னால் வராதே’ என்று அந்தப் பிள்ளை நேரிலேயே சொல்லிவிட்டதாம். அவனிடம் கேட்டால், ‘முதலில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், போகப்போகச் சரியாகிவிடும்’ என்கிறான். சினிமா பார்த்துத்தான் இப்படி ஆனானா? இவனை எப்படித் திருத்துவது?
— ஒரு தாய், ஆலங்குளம்

பதில்: அம்மா, இதை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் உங்களுக்கு நன்றி சொல்கிறேன். இப்படி ஒரு செய்தி பையனைப் பெற்ற வீட்டுக்கு வந்தால் ‘வயசுக் கோளாறு’ என்று மூடிவிடுவதும், பெண்ணைப் பெற்ற வீட்டுக்கு வந்தால் அந்தப் பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடுவதும் நம் பக்கத்தில் காலங்காலமாக நடந்துவருகிறது.

திருத்துவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் நிறுத்த வேண்டும். நாளைக் காலை முதல் அவன் அந்தப் பெண் போகும் வழியில் போகக்கூடாது என்பதை நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து உட்காரவைத்துச் சொல்லுங்கள். விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிவித்த பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், பேச முயல்வதும், அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று வேவு பார்ப்பதும் 2013ஆம் ஆண்டிலிருந்து தனிக் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்று இருந்த அந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவாக இருக்கிறது. முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரையிலும், மறுமுறை செய்தால் ஐந்து ஆண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. அந்தப் பிள்ளை ‘பின்னால் வராதே’ என்று சொன்ன பிறகு அவன் எடுத்துவைத்த ஒவ்வோர் அடியும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்பதை அவனுக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுங்கள்.

சினிமாதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். சினிமா பார்க்கிற எல்லாப் பிள்ளைகளும் இப்படிச் செய்வதில்லை. ஆகவே பழி முழுவதையும் திரைமேல் போட்டுவிட்டு அவனை விட்டுவிட முடியாது. ஆனால் சினிமா அவன் கையில் ஓர் அகராதியைக் கொடுத்திருக்கிறது. அந்த அகராதியில் பெண் சொல்லும் ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு ‘இன்னும் கொஞ்சம் கேள்’ என்று பொருள் எழுதியிருக்கிறது. அவன் உங்களிடம் சொன்ன பதில் அதிலிருந்து அப்படியே எடுத்ததுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் தமிழ் கற்பித்த நாட்களில் ஒருமுறை இளங்கலை வகுப்பில் பிரபலமான காதல் பாடல் ஒன்றை, ஒலியை முழுவதுமாக நிறுத்திவிட்டு, படத்தை மட்டும் ஓடவிட்டேன். தொடக்கத்தில் சிரிப்பும் முணுமுணுப்புமாக இருந்தது. பையன்கள் சிலர் தாங்களே மெட்டை முனகினார்கள். ஒரு பெண் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் திரும்புகிறாள், பின்னால் ஒருவன். அவள் நடையை எட்டிப் போடுகிறாள். அவனும் எட்டிப் போடுகிறான். பேருந்தில் ஏறினால் படியில் அவன். கோவிலுக்குப் போனால் தூணுக்குப் பின்னால் அவன். அவள் திரும்பி நின்று ஏதோ கடுமையாகச் சொல்கிறாள். என்ன சொன்னாள் என்பது நமக்குக் கேட்கவில்லை. அவனும் கூட இருக்கும் நான்கு பேரும் சிரிக்கிறார்கள். இரண்டாவது நிமிடத்தில் வகுப்பில் முனகல் நின்றுவிட்டது. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன், ‘சத்தத்தைப் போடுங்க டீச்சர், ஒரு மாதிரியா இருக்கு’ என்றான். படம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, ‘பதினொரு தடவை திரும்பிப் பார்த்தா டீச்சர், எண்ணினேன்’ என்றாள். அதற்குப் பிறகு நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. எந்தெந்த நிறுத்தத்தில், எந்தெந்தச் சந்தில் தாங்கள் இப்படித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள் என்று மாணவிகள் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பையன்களின் முகங்களை நான் இன்றும் மறக்கவில்லை.

இசையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பெண்ணின் பயம். அந்தப் பயத்தை நாம் பார்க்காதபடி, கேமரா எப்போதும் துரத்துகிறவனின் பக்கத்திலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது. 1975இல் லாரா மல்வி என்ற பிரிட்டிஷ் அறிஞர் தம் கட்டுரை ஒன்றில் இதை விளக்கி, அதற்கு ‘ஆண் நோக்கு’ என்ற பொருளில் ஒரு பெயரும் கொடுத்தார். பெயர் தெரியாவிட்டாலும் உங்கள் மகனோடு உட்கார்ந்து இதே சோதனையை வீட்டில் செய்து பார்க்கலாம். அவனுக்குப் பிடித்த பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. விஷயம் உறவுக்குள் பரவினால், ‘பையன் ஆசைப்பட்டுவிட்டான், பெண் கேட்டுப் போய்ப் பார்ப்போமே’ என்று யாராவது பெரியவர் சொல்லக்கூடும். அந்தப் பேச்சு வாயைவிட்டு வந்த உடனேயே ‘கூடாது’ என்று நீங்கள் சொல்லிவிட வேண்டும். தெருவில் ஒருவனாகப் பின்தொடர்ந்ததைக் குடும்பமாகச் சேர்ந்து செய்வதுதான் அது.

கேள்வி: பெண்ணியம் என்பது மேல்நாட்டுச் சரக்கு. இப்போது கதாநாயகிகளே பத்துப் பேரை அடித்துப் போடுகிறார்கள். இன்னும் என்ன வேண்டும்?
— ஓர் இளைஞர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, எட்டயபுரத்தில் பிறந்து, நீங்கள் இருக்கும் இதே திருநெல்வேலியில் பள்ளிக்குப் போன பாரதி, ‘சக்கரவர்த்தினி’ என்ற பெண்களுக்கான மாத இதழுக்கு 1905இலேயே ஆசிரியராக இருந்தவர். நூற்றிருபது ஆண்டுகளாக நம் மண்ணில் தமிழில் நடந்துவரும் ஒரு விவாதத்தை இறக்குமதிச் சரக்கு என்று சொல்வது நியாயமாகாது.

அடிதடிக்கு வருவோம். 1985இல் ஆலிசன் பெக்டெல் என்ற அமெரிக்கப் பெண் ஓவியர், தம் கேலிச்சித்திரத் தொடர் ஒன்றில் ஒரு சிறிய அளவுகோலை வைத்தார். ஒரு படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும். அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும். அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இல்லாமல் வேறு எதைப் பற்றியாவது இருக்க வேண்டும். அவ்வளவுதான். இது படத்தின் தரத்தை அளப்பதில்லை. நல்ல படங்களும் இதில் தோற்கும், மோசமான படங்களும் தேறும். ஆனால் கடைசியாக நீங்கள் பார்த்த ஐந்து படங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு அடுக்களையில் உங்கள் அம்மாவும் ஆச்சியும் மதினியும் ஒரு காலைப் பொழுதில் பேசிக்கொள்ளும் பொருள்களில் பத்தில் ஒன்றுகூட இரண்டரை மணி நேரப் படத்தில் இல்லை என்பது தெரியும். பத்துப் பேரை அடிக்கிற கதாநாயகிக்கும் பெரும்பாலும் பேசுவதற்கு ஒரு தோழி இருப்பதில்லை.

கேள்வி: நான் இருபத்தைந்து வருடமாகப் பீடி சுற்றுகிறேன். சாயங்காலம் தொடர் ஓடினால்தான் கை ஓடும். கல்லூரியில் படிக்கும் என் மகள், ‘இந்தத் தொடர்கள் எல்லாம் பெண்களைக் கேவலப்படுத்துகின்றன, நீ பார்க்கக் கூடாது’ என்று தினமும் சண்டை போடுகிறாள். நான் செய்வது தப்பா?
— ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: தப்பே இல்லை. நாள் முழுவதும் சொளவை மடியில் வைத்து, இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்குகிறவருக்குப் பொழுது போகத் துணை வேண்டும். மகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

உங்கள் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கைந்து பேர் சேர்ந்து பீடி சுற்றிக்கொண்டு தொடர் பார்த்ததை நான் கூட இருந்து கவனித்திருக்கிறேன். பார்த்தார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கண் முழுவதும் விரல் நுனியில் இருந்தது. தொடரைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னணி இசை அதிர்ந்தால் மட்டும் தலை நிமிர்ந்தது. அப்படி நிமிர்ந்த ஒருமுறை, படுக்கையறையிலும் கழுத்து நிறைய நகையோடு நின்ற மருமகளைப் பார்த்துவிட்டு ஓர் அக்கா, ‘இவ்வளவு நகை போட்டிருக்காளே, இவ எந்த வேலைக்குப் போறா?’ என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லார் கையும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு கேள்வியில் இருந்த விமரிசனத்தை நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள்: பார்க்கிறவர் எல்லாரும் நம்பிவிடுவதில்லை.

இருந்தாலும் தினமும் காதில் விழுவது எங்கோ தங்கிவிடுகிறது என்பதால் தொடர்களின் மேல் எனக்கு இருக்கும் இரண்டு கோபங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, அங்கே சதி செய்கிறவளும் பெண், சதியில் சிக்கி அழுகிறவளும் பெண். மாமனார் சோபாவில் செய்தித்தாள் வாசிக்கிறார். கணவன் ‘எனக்கு எதுவும் தெரியாதே’ என்று நிற்கிறான். வரதட்சணையால் பயன் பெறுகிறவனும் சொத்தை வைத்திருக்கிறவனும் கதையில் குற்றமற்றவர்களாகவே கடைசிவரை இருக்கிறார்கள். இரண்டாவது, சொத்து. தொடர்களில் பாதிச் சண்டை சொத்துக்காகத்தான். ஆனால் அது மாமியார் இடுப்பிலிருக்கும் சாவிக்கொத்து யாருக்கு என்ற சண்டையாகவே இருக்கும். பிறந்த வீட்டில் தனக்குள்ள பங்கைச் சட்டப்படி கேட்கும் மகளைத் தேடினால் கிடைக்க மாட்டாள்; தப்பித்தவறி ஒருத்தி கேட்டால் அவளே வில்லி. இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாடு 1989இலேயே சட்டமாக்கியது, அதற்கு முன் திருமணமானவர்களை மட்டும் விட்டுவிட்டு. 2005இல் நாடு முழுவதற்கும் பொதுவாக வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த விலக்கும் இல்லை. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பங்கு கேட்கும் பெண்ணைக் குடும்பத்தைக் கெடுக்க வந்தவளாகக் காட்டுவது, நம் ஊரில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய் ‘விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போடு, அண்ணன்தானே’ என்று சொல்கிறவர்களுக்குப் பக்கபலமாகிவிடுகிறது.

மகளின் கோபத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு காட்சி பெண்களை இழிவுபடுத்துகிறது என்று தோன்றினால், அலைவரிசை, தொடரின் பெயர், தேதி, நேரம், சொல்லப்பட்ட வசனம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அந்த அலைவரிசையின் குறைதீர் அலுவலருக்கு அவள் எழுதலாம். கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, 15 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். முடிவில் நிறைவில்லை என்றால் அந்த அலைவரிசை சேர்ந்துள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். விளம்பரங்களுக்கு விதி இன்னும் தெளிவானது: பெண்கள் அடங்கிப்போகிறவர்கள், பணிந்துபோகிறவர்கள் என்று அழுத்திக் காட்டக் கூடாது, வீட்டிலும் சமூகத்திலும் அவர்கள் இரண்டாம் இடத்தில் இருப்பதை ஊக்குவிக்கவும் கூடாது. உங்களோடு சண்டை போடும் நேரத்தில் பாதியை அவள் இதற்குச் செலவழித்தால், பார்த்த காட்சியை நீங்களே அவளுக்கு வரி பிசகாமல் சொல்லலாம். காதால் கேட்கிறவருக்கு வசனம் மறக்காது.

கேள்வி: எங்கள் ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். யோசித்துப் பார்த்தால், கொல்லப்பட்ட பெண்களின் கதையைத்தான் விடிய விடியப் பாடுகிறோம். அவர்களைத்தான் தெய்வமாகக் கும்பிடுகிறோம். உயிரோடு இருக்கும் பெண்ணை யார் மதிக்கிறார்கள்? சினிமாவை மட்டும் குறை சொல்வது சரியா?
— ஒரு பள்ளி ஆசிரியை, பணகுடி

பதில்: இந்த மாதம் என்னை அதிக நேரம் யோசிக்கவைத்த கடிதம் உங்களுடையது. நீங்கள் சொல்வது சரி. நம் பக்கத்துப் பீடங்களில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் சாதியாலும் சந்தேகத்தாலும் பேராசையாலும் கொல்லப்பட்டவர்கள். அதே நேரத்தில் வில்லுப்பாட்டு ஒரு காரியத்தைச் செய்கிறது. குடமும் உடுக்கையும் ஒலிக்க, வீசுகோல் வில்லின் நாணில் விழ, கொன்றவன் யார், ஏன் கொன்றான், எந்த இடத்தில் கொன்றான் என்பதை ஊர் நடுவில் சொல்லுகிறது. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பார்கள்; வில்லில் அது ஏறுகிறது. செத்த பிறகுதான் ஏறுகிறது என்பது உங்கள் வேதனை. என் வேதனையும் அதுதான்.

இசக்கியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நகைக்கு ஆசைப்பட்ட காதலன், தன்னை நம்பிக் கூட வந்தவளைக் கள்ளிச்செடியின் அருகில் கொன்றான். அவள் நீலியாக வந்து, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுபிறவியில் வணிகனாக வந்த அவனைத் தன் கணவன் என்று சொல்லிப் பழையனூர்ச் சபையின் முன் அழுதாள். சபை அவளை நம்பி அவனை அவளோடு அனுப்பிவைத்தது. அவள் பழி தீர்த்தாள். ஊருக்கு ஊர் கதையில் சில மாற்றங்கள் உண்டு. நடு முடிச்சு இதுதான். இந்தக் கதையிலிருந்து தமிழ் எடுத்துக்கொண்ட சொல் என்ன? ‘நீலிக்கண்ணீர்’. பொய் அழுகைக்கு அதுதான் பெயர். சபையில் அவள் சொன்ன உறவு பொய். அவளுக்கு நடந்த கொலை உண்மை. கொலை செய்தவனின் பெயரில் தமிழில் ஒரு வசவுச்சொல்கூட உருவாகவில்லை. கொலையுண்டவளின் கண்ணீர் மட்டும் பொய்க்கு உவமையாகிவிட்டது. ஒரு பெண் புகார் கொடுத்துவிட்டு அழுதால், செய்தித் தலைப்பிலும் தொடர் வசனத்திலும் அந்தச் சொல் ஓடி வந்து நிற்கிறது. நான் இதை எழுதுவதிலும் பேசுவதிலும் விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. வகுப்பில் இந்தச் சொல் வரும்போது கதையை முழுவதுமாகச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் நீங்கள் எதிர்பாராத கேள்விகளைக் கேட்பார்கள்.

உயிரோடு இருக்கும் பெண்களுக்கும் வில்லில் இடம் இருந்திருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்துப் பூங்கனி அம்மாள் சிறுமியாக வில்லின் முன் உட்கார்ந்தவர்; பின்பாட்டோடு நிற்காமல் தாமே தலைமை தாங்கிக் கதை சொல்லிப் பாடியவர். 2018இல் மறைந்தார். அவரைப் பற்றியும் உங்கள் மாணவிகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: படத்தொகுப்புப் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. ஹேமா கமிட்டி அறிக்கைச் செய்திகளைக் காட்டி, ‘அது பெண்பிள்ளை போகிற இடமா?’ என்று அப்பா தடுக்கிறார். நான் என்ன சொல்ல?
— ஒரு வாசகி, தென்காசி

பதில்: மகளே, அப்பாவின் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது, அதை இல்லை என்று சொல்லாதே. ஆனால் அந்த அறிக்கை எப்படி வந்தது என்பதையும் அவரிடம் சொல். 2017இல் கேரளத்தில் ஒரு நடிகை கடத்தப்பட்டுத் தாக்கப்பட்ட பிறகு, அங்குள்ள திரைப்படப் பெண்கள் ஒன்றுசேர்ந்து அமைப்பு உருவாக்கி, அரசிடம் முறையிட்டார்கள். அதன் பேரில் ஓய்வு பெற்ற நீதிபதி ஹேமா தலைமையில், நடிகை சாரதாவும் ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வத்சலகுமாரியும் இடம்பெற்ற குழு அமைந்தது. குழு 2019 டிசம்பரில் அறிக்கையைக் கொடுத்தது. அது 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான், சில பகுதிகள் நீக்கப்பட்டு, வெளியானது. நான்கரை ஆண்டுகளுக்கும் மேலாக அது அரசிடமே கிடந்தது. பாலியல் தொல்லையைப் பற்றித்தான் செய்திகள் அதிகம் பேசின. படப்பிடிப்பு இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. சிறுநீர் கழிக்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கடத்தும் பெண்கள் நம் ஊர்க் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். அப்பாவுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆபத்து திரைப்படத் துறையில் மட்டும் இருப்பதாக அவர் நினைத்தால், அதையும் கேள்.

திரைப்படம் பெண்ணுக்குப் புதிய இடமும் இல்லை. டி.பி. ராஜலட்சுமி 1936இலேயே தமிழில் ஒரு படத்தை இயக்கினார். வெட்டும் மேசையில் ஒரு பெண் உட்கார்ந்தால் என்ன மாறும் என்பதற்கு, முதல் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலைப் படி: அந்தப் பதினொரு தடவையில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவெடுக்கும் கை உன்னுடையதாக இருக்கும்.

நீ தெரிந்துகொண்டு போக வேண்டியது இது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தயாரிப்பு நிறுவனத்துக்கும் பொருந்தும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்கு ஒரு பெண்ணே தலைமை தாங்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனமாக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். வேலைக்கான உத்தரவைக் கையில் வாங்கும் அன்றே, உள்ளகக் குழுவின் தலைவர் யார் என்று கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே, உன் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைப் போன்ற கேள்விதான் இது. அவர்கள் பதில் சொல்லத் திணறினால் அந்த நிறுவனத்தைப் பற்றி உனக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது. வேறு இடம் தேடலாம். பதில் சொன்னால், அந்தப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு ரயில் ஏறு.